செத்தவீட்டிலை சொன்ன சொல்

சிவமயம்

ஏழாலை
12 நவம்பர் 1940

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி குணலட்சுமி எழுதிறது. முருகன் புண்ணியத்திலை நானும் இவரும் சுகம். மலாயாவிலை, தைப்பிங்கிலை உங்களுக்கு இருமல் மாறீட்டுதோ? போன கடிதத்திலை அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை.

ஒரு புதினம். நான் ஒரு சங்கத்திலை சேர்ந்திட்டன். சிரியாதையுங்கோ. ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற தியாகலிங்கம் சட்டம்பியாரும் அவரின்ரை மனுசி அன்னப்பிள்ளை அக்காவும் பள்ளிக்கூடத்திலை அயலவர் உதவிச் சங்கம் எண்டு ஒண்டு துவங்கியிருக்கினம். காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறது, குடிதண்ணியைக் கொதிக்க வைக்கிறது, நோயாளிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்ணயர விடுறது. சம்பளம் கிம்பளம் ஒண்டுமில்லை. மழை துவங்கினதோடை எங்கடை பக்கம் டாக்குத்தர்மார் ரைபொயிட் எண்டிற நெருப்புக்காய்ச்சலும் துவங்கீட்டுது.

இவர் முதல் குதிச்சவர். "கண்டறியாத சங்கம்! ஊர் நோயெல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு வரப்போறாய்" எண்டார். அடுத்தநாள் சுன்னாகச் சந்தையாலை வரேக்கை கை கழுவ ஒரு சவுக்காரக் கட்டி வாங்கியந்து கிணத்தடியிலை வைச்சார். உங்கடை மச்சானின்ரை சம்மதம் அப்பிடித்தான் வரும்.

ஏன் சேர்ந்தனான் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா நெருப்புக்காய்ச்சலிலை கிடந்த மாதம் ஒரு சனம் எங்கடை வேலிப் படலையைத் திறந்து உள்ளை வரேல்லை. வேலிக்கு மேலாலை "எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டதோடை சரி. நான் தனிச்சு நிண்டன். நீங்கள் லீவு கிடைச்சு ஓடி வந்த நேரம் அம்மாவுக்கு உங்களை மட்டுக்கட்டத் தெரியேல்லை. அந்த மாதம் ஒரு மனுசி வந்து அரைநேரம் இருந்திருந்தால், அம்மா பிழைச்சிருப்பாவோ தெரியாது, நான் பிழைச்சிருப்பன்.

சங்கத்திலை சட்டதிட்டம் கனக்க. நோய்வீட்டிலை தண்ணி வாய்வைக்கக் கூடாது. ஒரு வீட்டுக் கதையை மற்ற வீட்டிலை கதைக்கக் கூடாது. எல்லாத்திலும் பெரிய சட்டம், வெளிக்கிடேக்கை நோயாளிக்குக் கேக்கக்கூடியதா "போட்டு வாறன், நாளைக்கும் வருவன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடவேணும். கைவிட்டிட்டினம் எண்டு நோயாளி நினைக்கக் கூடாதாம். முதல்நாள் நான் வாய்க்குள்ளை சொன்னன். "என்ன பிள்ளை, கள்ளன் போறமாதிரிப் போறாய்? உரத்துச் சொல்லு" எண்டு அன்னப்பிள்ளை அக்கா பேசினவ. இப்ப பழகீட்டுது. இவர் தோட்டத்துக்குப் போகேக்கையும் என்னை அறியாமல் "நாளைக்கும் வருவன்" எண்டிறன்.

அண்ணை, எப்ப வாறியள்? அம்மாவின்ரை செத்தவீட்டாலை எழும்பிப் போனனீங்கள், பேந்து இந்த மண்ணை மிதிக்கேல்லை. நான் ஒவ்வொரு கடிதத்திலையும் இதைக் கேக்கிறன், நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலையும் தைப்பிங் மழையைப் பற்றி எழுதிறியள்.

உங்கடை உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ.

அன்பு மறவாத தங்கச்சி
குணம்


தைப்பிங்
9 டிசம்பர் 1940

அன்புள்ள தங்கச்சி குணத்துக்கு,

அண்ணன் கதிரவேலு ஆசீர்வாதம் சொல்லி எழுதிறது. இருமல் மாறீட்டுது. ரெயில்வே ஸ்ரோரிலை வேலை கூட, சண்டைக்காலமெண்டபடியால் இரும்புச் சாமான் எல்லாம் வந்து குவியுது. மற்றும்படி குறை ஒண்டுமில்லை.

தேளைக் கண்டால் கிணத்துத் துலாவிலை ஏறுற நீ நோய்வீட்டுக்குப் போறாயோ! வாசிச்சுச் சிரிச்சன், பேந்து சிரிப்பு நிண்டுபோச்சு. நல்ல காரியம். செய். ஆனால் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடி, கையைக் கழுவு. இதோடை ஒரு தெர்மாமீற்றர் பெட்டியிலை வைச்சு அனுப்பிறன். உதறேக்கை கவனம், ஒருக்கால் விழுந்தால் முடிஞ்சுது.

அம்மாவின்ரை அந்த மாதத்தைப் பற்றி இனி எழுதாதை. தெரிஞ்ச கதைதானே.

மச்சானுக்கு என்ரை அன்பைச் சொல்லு. புகையிலை இந்தமுறை எப்பிடி?

இஞ்சை பின்னேரம் எண்டால் மழைதான். மலையெல்லாம் கறுத்துப்போய் நிக்குது. நீ இந்த வரியைக் கண்டு திட்டுவாய் எண்டு தெரியும்.

அன்புள்ள அண்ணன்
கதிரவேலு


ஏழாலை
20 ஜனவரி 1941

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகமெண்டு எழுதவேணும், எழுதிறன். தெர்மாமீற்றர் உடையாமல் வந்தது. ஆனால் அதாலை ஒரு பிரயோசனமும் இல்லாமல் போச்சு.

உங்களோடை படிச்ச முருகேசு, குளத்தடியிலை புகையிலை செய்யிறவர், நெருப்புக்காய்ச்சலிலை செத்துப்போனார். சங்கத்தாலை அந்த வீட்டுக்கு என்னைத்தான் விட்டிருந்தவை. மார்கழி முழுக்கப் போனன். மனுசி இரத்தினம்மா என்னிலும் இளையவள். மூத்தது பூரணம், ஆறு வயசு. இளையது தவழுற பெடியன். முருகேசு காய்ச்சலிலை பிதற்றுவார், நான் நெத்தியிலை ஓடிக்கொலோனிலை நனைச்ச சீலைத்துண்டு போட்டுக்கொண்டு இருப்பன், இரத்தினம்மா பெடியனுக்குப் பால் குடுத்தபடி சுவரோடை சரிஞ்சு நித்திரையாப் போவாள். ஒவ்வொரு நாளும் எழும்பி வரேக்கை "போட்டு வாறன், நாளைக்கும் வருவன்" எண்டு சொல்லுவன். அந்த மனுசன் கண் திறக்காமல் தலையை ஆட்டும்.

பொங்கலுக்கு முதல் உயிர் போட்டுது.

அண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன். எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை. பாடை போய், பொம்பிளையள் குழறி ஓய்ஞ்சு, முத்தத்திலை தண்ணி தெளிச்சாச்சு. எனக்கும் அலுப்பு, கண் இருட்டுது. இரத்தினம்மாவின்ரை தோளைத் தொட்டன். என்ரை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது: "அப்ப இரத்தினம், நான் போட்டு வாறன். நாளைக்கும் வருவன்."

செத்தவீட்டிலை, அண்ணை! செத்தவீட்டாலை சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போறதெண்டு பால்குடிக்கும் தெரியும். திரும்பி வாறன் எண்டால் அந்த வீட்டிலை இன்னொரு சாவுக்கு வாறன் எண்டதுதானே. முத்தத்திலை இருந்த பொம்பிளையள் அப்பிடியே விறைச்சுப்போச்சினம். ஒருத்தி, "நாசமாப்போவாள், ஆரைக் கூப்பிடுறாள்?" எண்டாள். நான் வாயைப் பொத்தினன். சொன்னது திரும்பி உள்ளை போகுமே?

இரத்தினம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பாத்தவள். அந்தப் பார்வை என்னை விட்டுப் போகுதில்லை.

வீட்டை வந்து தோய்ஞ்சன். தலையிலை வாளி வாளியா ஊத்தினன். நுணலும் தன் வாயாலை கெடும் எண்டிறது எனக்குத்தான்.

நீங்கள் ஏதும் எழுதுங்கோ. உங்கடை எழுத்தைக் கண்டால் ஆறுதலா இருக்கும்.

தங்கச்சி
குணம்


தைப்பிங்
17 பெப்ரவரி 1941

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். உன்ரை கடிதம் கண்டு கவலையும் கோபமும் ஒண்டா வந்தது. முருகேசு நல்லவன். நாங்கள் ஆரின்ரையும் மாமரத்துக்குக் கல்லெறிஞ்சால் பழியைத் தான் ஏற்கிறவன்.

மற்றக் கதை விசர்க்கதை. ஒரு சொல்லுக்கு ஆள் சாகுமெண்டால் இஞ்சை ஸ்ரோரிலை எங்கடை துரை வாயாலை விடுற சொல்லுக்கு நாங்கள் ஒருத்தரும் மிஞ்சியிருக்கமாட்டம். நெருப்புக்காய்ச்சல் தண்ணியாலை வாறது. படிச்சனீயெல்லே? கிணத்தைப் பார், வாயைப் பார்க்காதை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அவையள் கதைச்சுப்போட்டுப் போகட்டும். ஒரு நல்ல பழக்கம் நோயாளி போனபிறகும் வாயிலை நிண்டிட்டுது, அவ்வளவுதான்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லு. உனக்கு ஒரு மலாயாச் சீலை வாங்கி வைச்சிருக்கிறன். ஆரும் வரேக்கை குடுத்துவிடுறன்.

அந்த இரத்தினம்மா உன்னைப் பாத்தது கோபத்திலையோ? யோசிச்சு எழுது.

அன்புள்ள அண்ணன்
கதிரவேலு


ஏழாலை
28 மார்ச் 1941

அன்புள்ள அண்ணைக்கு,

இவர் சுகம். என்னைப் பற்றிக் கேளாதையுங்கோ.

உங்கடை கடிதத்தின்ரை அடியிலை ஒரு வரி எழுதி மைபூசி அழிச்சிருக்கு. சென்சர்காரன் அழிச்சதோ, நீங்கள் அழிச்சதோ? வெயிலிலை பிடிச்சுப் பாத்தன். "படலை" எண்ட ஒரு சொல் மாத்திரம் தெரிஞ்சுது.

இரத்தினம்மாவின்ரை பெடியன் செத்துப்போச்சு. முருகேசுவின்ரை முப்பத்தொண்டாம்நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடை காய்ச்சல் கண்டது. நான் அந்த வீட்டுக்குப் பிறகு போகேல்லை, அண்ணை. நாளைக்கும் வருவன் எண்டு சொல்லிப்போட்டு அடுத்தநாள் போகேல்லை. வெக்கமும் பயமும். பெடியனுக்குக் காய்ச்சலெண்டு கேள்விப்பட்டும் போகேல்லை. பறை கேட்டபோதுதான் எனக்கு விளங்கினது. அடுப்படியிலை விழுந்து குழறினன்.

இப்ப ஊர் முழுக்க இதே கதைதான். "சொன்னாள், கூட்டிக்கொண்டு போனாள்" எண்டு கிணத்தடியிலை எனக்குக் கேக்கத்தக்கதாகக் கதைக்கினம். மற்ற நோய்வீடுகளிலும் என்னை விடாயினம். அன்னப்பிள்ளை அக்கா வந்து, "பிள்ளை, நான் இதெல்லாம் நம்பிறவள் இல்லை, ஆனால் சனம் சங்கத்துக்கே கதவடைச்சுப்போடும், கொஞ்சக் காலம் வீட்டிலை இரு" எண்டவ. அவ தலை குனிஞ்சுகொண்டு சொன்னதை நினைச்சால் எனக்கு இன்னும் கோபம் கொதிக்குது.

உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன், இவருக்கும் சொல்லேல்லை. பொழுது படேக்கை நான் படலையைச் சாத்திக் கொளுவிப்போட்டு விளக்கு வைக்கப் போவன். வந்து பாத்தால் படலை திறந்து கிடக்கும். காத்தெண்டு நினைச்சன். காத்தில்லாத நாளும் அப்பிடித்தான். நேற்றுச் சாத்திப்போட்டு அங்கையே நிண்டன். ஒண்டுமில்லை. திரும்பி முத்தம் வரையும் வந்தன், முதுகுக்குப் பின்னாலை படலை கிறீச்செண்டுது. திரும்பிப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை. ஆரோ வந்து நிக்கினம். நான் வாறன் எண்டு சொன்ன இடத்துக்குப் போகாமல் விட்டபடியால் அங்கையிருந்து ஆரோ வந்து நிக்கினம். முருகேசுவோ, அந்தக் குஞ்சோ, இல்லை எங்கடை அம்மாவோ?

எனக்கு விசரோ, அண்ணை? கெதியா எழுதுங்கோ.

குணம்


ஏழாலை
19 மே 1941

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களிட்டையிருந்து ஒரு வரியும் இல்லை. வருஷப்பிறப்புக்கும் எழுதேல்லை. கப்பல் தாழ்ந்ததோ, கடிதம் தாழ்ந்ததோ? சுகமாயிருந்தால் சுகம் எண்டு ஒரு சொல் எழுதினால் காணும்.

இவர் படலைக்குக் கயிறு கட்டியிருக்கிறார். நான் சொல்லாமலே கட்டினவர். அப்ப இவரும் கண்டிருக்கிறார்.

இப்ப மூத்தது பூரணத்துக்கும் காய்ச்சல். குளத்தடிப் பக்கம் ஒருத்தரும் போகினமில்லை. இரத்தினம்மாவின்ரை கூடப்பிறந்த தமையனே வேலிக்கு வெளியிலை அரிசியை வைச்சுப்போட்டுப் போறானாம். அந்த வீட்டிலை சாவு குந்தியிருக்குதெண்டு சனம் சொல்லுது. சங்கத்திலையும் போக ஆளில்லை. போன ஒருத்தி அண்டைக்கே திரும்பி வந்திட்டாள், பயமாயிருக்குதாம்.

நான் போகட்டோ? நான் போய் அந்தப் பிள்ளைக்கும் ஏதும் நடந்தால்? போகாமல் விட்டு நடந்தால்? பெடியனுக்கு நான் போகேல்லை. போயிருந்தால் தண்ணியைக் கொதிக்கவைச்சிருப்பன், உங்கடை தெர்மாமீற்றர் என்ரை பெட்டியிலை சும்மா கிடக்குது. அதை எடுத்துப் பாக்கிறன், பேந்து வைக்கிறன். அப்பிடியே நாள் போகுது.

எனக்கு மூத்தவர் எண்டு நீங்கள் ஒருத்தர்தான். போ எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டிப் போகாதை எண்டு சொல்லுங்கோ. சிரிச்சு எழுதாதையுங்கோ.

குணம்


தைப்பிங்
11 ஜூன் 1941

என்ரை தங்கச்சிக்கு,

சுகம். முந்தின கடிதத்துக்கு மூண்டுதரம் எழுதிக் கிழிச்சன். இப்ப இரண்டாவதும் வந்திட்டுது. இனி ஒளிக்க ஏலாது.

அந்த வரியை அழிச்சது சென்சர்காரன் இல்லை, நான்தான்.

அம்மாவைச் சுட்டு, சாம்பல் அள்ளிக் காடாத்தி, அண்டைக்கே நான் சுன்னாகத்திலை ரெயில் ஏறவேண்டியிருந்தது. நீ தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. சின்னப் பெட்டை. நான் உன்னட்டை "போட்டு வாறன்" எண்டு சொல்ல வாயெடுத்தனான். முத்தத்திலை எல்லாரும் இருந்தவை. செத்தவீடு, சொல்லக்கூடாது. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தன். படலையைத் திறந்தன், சாத்தேல்லை. திரும்பியும் பாக்கேல்லை. திரும்பிப் பாக்கவும் கூடாதே.

அதுக்குப் பிறகு ஒரு கனவு வருகுது. இஞ்சை திரும்பி வந்த காலந்தொட்டு ஒரே கனவு. சுன்னாகத்திலை இறங்கி நடந்து வாறன். எங்கடை ஒழுங்கை, எங்கடை வேலி. வேலி சுத்திச் சுத்தி வருகுது, படலை மட்டும் இல்லை. உள்ளுக்கை அம்மா, "ஆரது?" எண்டு கேக்கிறா. நான் கதிரவேலு எண்டிறன். "அவன் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகேல்லையே" எண்டிறா. கோபமில்லை, சும்மா சொல்லுறா. அவ்வளவுதான் கனவு. உன்னைப் பாத்து விசர்க்கதை எண்டு எழுதினன். நானெல்லோ பெரிய விசரன். இரண்டுதரம் லீவு எடுத்துக் கப்பல் ஏறப் பினாங்கு வரையும் போய்த் திரும்பினனான். உனக்கு எழுதேல்லை.

நீ சொல்லி அழுகிறாய். நான் சொல்லாமல் அழுகிறன். இதிலை ஆர் ஆருக்குப் புத்தி சொல்லுறது?

போ எண்டும் போகாதை எண்டும் எழுத எனக்குக் கை வருகுதில்லை. உனக்கு ஏதும் நடந்தால் எனக்கு ஆர் இருக்கினம்? ஆனால் ஒண்டு மட்டும் கேக்கிறன். அண்டைக்கு அந்த முத்தத்திலை நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், நீ பயந்திருப்பாயோ, ஆறியிருப்பாயோ?

அண்ணன்


ஏழாலை
14 ஜூலை 1941

என்ரை அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இது உண்மையான சுகம்.

உங்கடை கடிதம் வர முதலே நான் அந்த வீட்டுக்குப் போட்டன். போனது என்ரை துணிவிலை இல்லை, அதையும் சொல்லிப்போடுறன்.

வைகாசி முடிய ஒருநாள் நல்ல மத்தியானம், வெயில் கொளுத்துது. படலையடியிலை வெள்ளைச் சீலையோடை ஆரோ நிக்கினம். அதுகள் இப்ப பகலிலையும் வருகுதோ எண்டு பயந்திட்டன். பாத்தால் இரத்தினம்மா. காய்ஞ்சு கருவாடாய்ப் போனாள். கயிறு கட்டின படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். திட்டப்போறாள், மண்ணள்ளி எறியப்போறாள் எண்டு நினைச்சன். எறியட்டும், எனக்கு வேணும் எண்டுதான் கிட்டப் போனன்.

"அக்கா, நீங்கள் வாறன் எண்டு சொன்னனீங்களெல்லே? இன்னும் வரேல்லை" எண்டாள்.

நான் கயிறு முடிச்சிலை கை வைச்சன். அவள் தொடர்ந்து சொன்னாள்:

"அண்டைக்கு முத்தம் நிறையச் சனம் இருந்தது. எல்லாரும் ஒண்டும் சொல்லாமல் எழும்பி எழும்பிப் போச்சினம். நீங்கள் ஒராள்தான் திரும்பி வாறன் எண்டு சொன்னனீங்கள். அதை நம்பித்தான் அண்டைக்குக் கண்ணை மூடினனான். பின்னேரம் பின்னேரம் ஒழுங்கை வரையும் வந்து பாத்தனான். உங்கடை படலை வரையும் வந்து திறந்துபோட்டுக் கூப்பிடப் பயந்து திரும்பிப் போனனான். இப்ப பூரணம் கேக்கிறாள், அந்த மாமி நாளைக்கும் வருவன் எண்டவ, எப்ப நாளைக்கு எண்டு."

அண்ணை, படலையைத் திறந்தது அவள்தான்! நான் பேயெண்டு நடுங்கின நேரமெல்லாம் ஒரு தாய் பெத்ததுகளுக்குத் துணை கேட்டு வந்து நிண்டிருக்கிறாள், நான் திரும்பிப் பாக்கேல்லை. என்னை நானே செருப்பாலை அடிச்சாலும் ஆறாது.

கயிறு முடிச்சு இறுகி அவிழேல்லை. இவர் வந்து கத்தியாலை வெட்டி விட்டார். சவுக்காரக் கட்டியை எடுத்து என்ரை கையிலை தந்தார்.

அண்டையிலிருந்து அவளின்ரை வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஒரு சொட்டும் கொதிக்க வைக்காமல் குடிக்க விடேல்லை. பூரணம் எலும்புந்தோலுமாக் கிடந்து ஆனி முடியத்தான் எழும்பினாள். நேற்றுக் கூழ் கேட்டுக் குடிச்சாள். தெர்மாமீற்றரை அவள்தான் உதறுவாள், நான் கையைப் பிடிச்சுக்கொள்ளவேணும். ஒவ்வொரு நாளும் நான் எழும்பேக்கை, "சொல்லிப்போட்டுப் போங்கோ" எண்டு சீலையைப் பிடிக்கிறாள். அயலெல்லாம் கேக்க உரத்துச் சொல்லிப்போட்டு வாறன். சங்கத்திலை திரும்பச் சேர்த்தாச்சு. அன்னப்பிள்ளை அக்கா தானே வந்து கேட்டவ. கொஞ்சம் முகத்தை நீட்டிப்போட்டுத்தான் ஓமெண்டனான்.

அந்தப் பெடியனை நினைச்சால் மட்டும் எனக்கு விடிவில்லை. அது என்னோடையே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டியள், ஆறியிருப்பாயோ எண்டு. ஆறியிருப்பன், அண்ணை. தூணைப் பிடிச்சுக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்குத்தான் நிண்டனான். சனம் என்ன சொன்னாலும் காதிலை வாங்கியிருக்கமாட்டன்.

அண்டைக்குச் சொல்லாட்டி இப்ப சொல்லுங்கோ. எழுத்திலை சொன்னாலும் சொன்னதுதான். கனவிலை அம்மா கேட்டால், தங்கச்சியிட்டைச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. படலை இருக்குது. இந்தமுறை நான் திரும்பிப் பாப்பன்.

உங்கடை குணம்


தைப்பிங்
17 நவம்பர் 1941

தங்கச்சி,

சுகம். இவ்வளவு நாளும் எழுதாதது லீவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தபடியால். இல்லையெண்டு வந்தால் உனக்கு என்னத்தைச் சொல்லுறது? நேற்றுச் சம்மதம் வந்திட்டுது. மார்கழியிலை பினாங்காலை கப்பல். பொங்கலுக்கு முத்தத்திலை கோலம் போடேக்கை எனக்கு ஒரு பானை கூட வை.

மலாயாச் சீலையை ஆரிட்டையும் குடுத்துவிடேல்லை, நானே கொண்டு வாறன். பூரணத்துக்கு ஒரு சின்னக் குடை வாங்கியிருக்கிறன், மழை எண்டு இனி எழுதத் தேவையில்லை, குடையிலை காட்டலாம்.

உன்ரை கடிதம் வந்த நாள்தொட்டு அந்தக் கனவு வரேல்லை.

இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடிச்சிருக்கு. உரத்துச் சொல்லிக்கொண்டுதான் எழுதிறன், பக்கத்து அறைக்காரன் எட்டிப் பாக்கிறான்.

தங்கச்சி, வாறன்.

அண்ணன்


ஏழாலை
20 ஏப்பிரல் 1942

என்ரை அண்ணைக்கு,

நீங்கள் எங்கை இருந்தாலும் சுகமாயிருக்கவேணும். வேறை என்னத்தை எழுத?

இந்தக் கடிதத்தை எங்கை போடுறதெண்டு தெரியேல்லை. தபாற்கந்தோரிலை மலாயாவுக்கு ஒண்டும் எடுக்கினமில்லை. பினாங்கிலை குண்டு போட்டதெண்டு மார்கழியிலை பேப்பரிலை வந்தது. பிறகு தைப்பிங் யப்பான்காரன்ரை கையிலை போட்டுதாம், பிறகு சிங்கப்பூரும் போட்டுதாம். உங்கடை கப்பல் வெளிக்கிட்டதோ, நீங்கள் அதிலை ஏறினியளோ, ஏற முதல் அங்கையே அகப்பட்டியளோ, சொல்ல ஒருத்தருமில்லை. பொங்கலுக்கு ஒரு பானை கூட வைச்சனான். பொங்கி வழிஞ்சுது. அதைக் குளத்தடிக்குக் கொண்டுபோய்க் குடுத்தன்.

இப்ப சங்கத்துக்கு வேறை மாதிரி வீடுகள். ஏழாலையிலை ஒழுங்கைக்கு ஒரு வீடு மலாயாவிலை ஆள் அகப்பட்ட வீடு. காசும் இல்லை, கடிதமும் இல்லை. பொட்டை அழிக்கிறதோ, வைச்சிருக்கிறதோ எண்டு தெரியாமல் பொம்பிளையள் கண்ணாடிக்கு முன்னாலை நிக்கினம். ஒருவீட்டிலை தாய்க்காரி பாயை விரிச்சு வைச்சிருக்கிறா, மகன் அலுப்போடை வருவானாம். காய்ச்சல் இல்லாத நோய்வீடு, பிணம் இல்லாத செத்தவீடு. போய் இருந்து கஞ்சி காய்ச்சிக் குடுக்கலாம். வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறது? போட்டு வாறன் எண்டு சொல்லலாமோ, கூடாதோ? இதைப் பற்றிச் சங்கத்திலை பெரிய சண்டை. தியாகலிங்கம் சட்டம்பியாராலும் ஒண்டும் சொல்ல முடியேல்லை. அவரவர் மனசுக்குப் பட்டமாதிரி எண்டு விட்டாச்சு. கனபேர் சொல்லாமல் எழும்பி வருகினம்.

நான் அந்த வீடுகளுக்குப் போறேல்லை. எங்கடை வீடும் அதிலை ஒண்டெல்லே? மாசிக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கிறதில்லை. இவர் தோட்டத்தாலை வந்து பக்கத்திலை இருப்பார். பொழுது பட்டால் படலை கிறீச்சிடுது. இந்தமுறை ஓடிப்போய்ப் பாக்கிறன், அண்ணை. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாக்கிறன். ஒருத்தருமில்லை. இரத்தினம்மாவும் இல்லை, அவளைக் கேட்டும் பாத்தன். அப்ப ஆர் திறக்கினம்? எனக்குப் பயம் விட்டுப்போச்சு. நீங்கள்தானோ எண்டு ஆசையாயிருக்குது. அதுதான் எனக்கு இப்ப பெரிய பயம்.

இண்டைக்குச் சங்கத்தாலை எங்கடை வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தவை. ஆரெண்டு நினைக்கிறியள்? இரத்தினம்மா. ஓம், அவளும் சேர்ந்திட்டாள். சவுக்காரம் போட்டுக் கை கழுவினாள், அடுப்பு மூட்டினாள், "வாயைத் திறவுங்கோ அக்கா" எண்டு அதட்டிக் கஞ்சி பருக்கினாள். உங்களைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. தலை இழுத்து முடிஞ்சு விட்டாள். பொழுது சரிய, சீலையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

அவளின்ரை வாயையே பாத்துக்கொண்டிருக்கிறன். இரண்டு சாவு கண்டவள். சாவு வீட்டை மோந்து சொல்லக்கூடியவள். அவள் சொல்லாமல் போனாளெண்டால் எனக்கு வேறை தந்தி வேண்டாம். முத்தத்திலை இறங்கினாள். ஒண்டும் சொல்லேல்லை. வேம்படி தாண்டினாள். ஒண்டும் சொல்லேல்லை. நான் தூணைப் பிடிச்சன், அதே தூண். அவள் படலையைத் திறந்தாள்.

பேந்து திரும்பி என்னைப் பாத்தாள். அண்டைக்குப் பாத்த அதே பார்வை. ஒழுங்கை முழுக்கக் கேக்கச் சத்தம்போட்டுச் சொன்னாள்:

"அக்கா, போட்டு வாறன்! நாளைக்கும் வருவன்!"

நான் குழறிப்போட்டன், அண்ணை. குழறிக்கொண்டே ஓமெண்டன், போட்டு வா எண்டன். நாளைக்கு அவளோடை பாய் விரிச்சுவைச்ச அந்தத் தாய்க்காரி வீட்டுக்கு நானும் போறன்.

படலையை அவள் சாத்தேல்லை. நானும் சாத்தேல்லை.

உங்கடை தங்கச்சி
குணம்